டான்சில் ஆபரேஷன்னு 8 வயசு பையன்கிட்ட எப்படி சொல்றது? போன தடவ பொய் சொல்லி மாட்டிக்கிட்டேன்

பெரம்பூர்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுத்துக்கோங்க. பையனுக்கு 8 வயசு, மூணாவது படிக்கிறான். போன நவம்பர் மழைல டெங்கு வந்து நாலு நாள் அட்மிட் பண்ணியிருந்தோம். கெளம்பும்போதே கேட்டான், "ஊசி போடுவாங்களாம்மா?" நான் வாய் கூசாம "ச்சே ச்சே, டாக்டர் சும்மா பாத்துட்டு மருந்து எழுதி குடுப்பாரு, வர்ற வழில இளநி வாங்கிட்டு வந்துரலாம்"னு சொல்லி ஆட்டோல ஏத்திட்டேன். அங்க போனா ட்ரிப்ஸ் ஏத்துறதுக்கு கையில வென்ஃப்ளான் குத்துறாங்க, ப்ளேட்லெட் பாக்க தினம் காலைல ரத்தம் எடுக்குறாங்க. மூணு பேர் சேர்ந்து புடிச்சோம், அதுல கால புடிச்சது நான். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரில இருந்த நாலு நாளும் நான் டம்ளர்ல தண்ணி குடுத்தா கூட "இது தண்ணி தானே?"ன்னு கேட்டுட்டு தான் குடிச்சான். இன்னிக்கும் வெள்ள கோட்டு போட்டவங்கள பாத்தா, மெடிக்கல் ஷாப் பையனா இருந்தாலும் சரி, வலது கையால இடது புறங்கைய மூடிக்குறான்.

இப்போ விஷயம் என்னன்னா, ராத்திரி ஒரே குறட்டை, வாயத் தொறந்துட்டு தூங்குறான், வருஷத்துக்கு ஏழெட்டு தடவ தொண்ட வலி காய்ச்சல். ஈஎன்டி டாக்டர் பாத்துட்டு டான்சிலும், மூக்குக்கு பின்னாடி இருக்குற அடினாய்டு சதையும் எடுத்துரலாம், முழு பரீட்ச லீவுல வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாரு. நல்ல டாக்டர் தான், குத்தம் சொல்லல, ஆனா பேசினதெல்லாம் என்கிட்ட, அதுவும் இங்கிலீஷ்ல. இவன் ஸ்டூல்ல உக்காந்து எங்க ரெண்டு பேர் வாயையும் மாத்தி மாத்தி பாத்துட்டு இருந்தான். வர்ற வழில ஜமாலியா தாண்டினதும் மெதுவா கேக்குறான், "ரிமூவ்னா வெட்டுறது தானேம்மா?" நான் அது வேற யாருக்கோன்னு சொல்லி சமாளிச்சுட்டேன், மறுபடியும் பொய்.

மாமியார் சொல்றாங்க, "அன்னிக்கு காலைல சொன்னா போதும், முன்னாடியே சொன்னா புள்ள பயந்தே பாதி ஆயிடுவான்"னு. வீட்டுக்காரரும் அதே தான். எனக்கு மனசு ஒப்பல. எப்போ சொல்றது, எவ்ளோ சொல்றது, முடியாதுன்னு அடம் புடிச்சா என்ன பண்றது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வார்டு_அக்கா

நான் சென்னைல குழந்தைங்க வார்டுல ஸ்டாஃப் நர்ஸ், 14 வருஷம் ஆச்சு. முதல்ல ஒண்ணு, அந்த கால புடிச்ச விஷயத்துக்காக ராத்திரி முழிச்சு அழாதீங்க, எல்லா அம்மாவும் புடிச்சிருக்காங்க. ஆனா இந்த தடவ பொய் வேண்டாம். வார்டுல எங்களுக்கு ரொம்ப கஷ்டம் குடுக்குறது ஊசிக்கு பயப்படுற புள்ள இல்ல, "ஒண்ணுமில்ல வா"ன்னு ஏமாத்தி கூட்டிட்டு வந்த புள்ள தான். அதுக்கு ஊசி மேல பயம் கொஞ்சம், நம்ம வாய்லேர்ந்து வர்ற எல்லாத்து மேலயும் சந்தேகம்.

எப்போ சொல்றதுன்னா, மூணு நாலு வயசு குட்டிக்கு முந்தின நாள் ரெண்டு நாள் முன்னாடி சொன்னா போதும், அதுக்கு "அடுத்த வாரம்"னா என்னன்னே புரியாது. 8 வயசுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி சொல்லணும், யோசிக்க டைம் வேணும், நாலு தடவ திரும்பி வந்து கேக்க டைம் வேணும். அதுவும் உங்க பையன் "ரிமூவ்"ன்ற வார்த்தைய புடிச்சிட்டான், பரீட்ச வரைக்கும் வெயிட் பண்ணாதீங்க, இன்னிக்கே "நீ கேட்டது சரி தான், உனக்கு தான், அன்னிக்கு நான் மழுப்பிட்டேன்"னு மட்டுமாவது சொல்லிடுங்க. இல்லன்னா அவனே மண்டைக்குள்ள கத்தி, ரத்தம்னு ஒரு படம் ஓட்டிட்டு இருப்பான், அது நெஜத்தவிட பயங்கரமா இருக்கும்.

எப்படி சொல்றதுன்னா, இந்த ஆறுலேர்ந்து பன்னெண்டு வயசு பசங்களுக்கு உடம்பு ஒரு மெஷின் மாதிரி, எது எங்க இருக்கு எப்படி வேல செய்யுதுன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சு டார்ச் அடிச்சு அவன் டான்சில அவனுக்கே காட்டுங்க. "இதோ ரெண்டு பக்கமும் உருண்டையா இருக்கே, இது பெருசாகி காத்து போற வழிய அடைக்குது, அதான் குறட்டை. அத வாய் வழியாவே எடுப்பாங்க, கழுத்துல வெளிய எங்கயும் வெட்ட மாட்டாங்க"ன்னு. அவன் மனசுல கழுத்துல கத்தி வெக்கிற மாதிரி தான் இருக்கும், எத்தன பசங்க ஆபரேஷன் முடிஞ்சு கண்ண தொறந்ததும் கழுத்த தடவி பாத்திருக்காங்க தெரியுமா.

வார்த்தைல ரொம்ப கவனம். நம்ம வழக்கமா சொல்ற வார்த்தையெல்லாம் புள்ளைங்க காதுல வேற மாதிரி விழும். தியேட்டருக்கு கூட்டிட்டு போறோம்னு சொன்னதும் ஒரு புள்ள என்ன படம்னு கேட்டுச்சு, சிரிச்சிட்டோம், உள்ள போனதும் அது அழுத அழுகைல சிரிப்பெல்லாம் போயிடுச்சு. "மயக்க மருந்து"ன்னா ஸ்கூல் ப்ரேயர்ல வெயில்ல நின்னு பொத்துனு விழுவாங்களே அதுன்னு நெனச்சுக்கும். சரி "தூங்க வெப்பாங்க"ன்னு சொல்லலாம்னா அதுலயும் ஒரு சிக்கல், வீட்ல யாராவது தவறினப்போ "தாத்தா தூங்குறாரு"ன்னு சொல்லி வெச்சிருப்போம் இல்ல? ஒரு பொண்ணு என் கைய புடிச்சுட்டு, "தாத்தா மாதிரியா அக்கா?"ன்னு கேட்டுச்சு. அதனால, "இது ராத்திரி தூக்கம் மாதிரி இல்ல, மருந்தால வர்ற ஸ்பெஷல் தூக்கம், நடுவுல வலியும் தெரியாது, முழிப்பும் வராது, முடிஞ்சதும் மருந்த நிறுத்துவாங்க, நீ எந்திரிச்சிடுவ, ஒரு டாக்டர் வேற வேலையே இல்லாம உன்னையே பாத்துட்டு பக்கத்துல இருப்பாரு"ன்னு முழுசா சொல்லுங்க.

வெறும் வயித்துல இருக்கணும்ன்றதுக்கு காரணம் கண்டிப்பா சொல்லணும். பொதுவா சாப்பாடு 6 மணி நேரம் முன்னாடியே நிறுத்துவாங்க, பால் ஹார்லிக்ஸ் எல்லாம் சாப்பாட்டு கணக்கு தான், வெறும் தண்ணி 2 மணி நேரம் முன்ன வரைக்கும் விடுவாங்க, ஆனா உங்க மயக்க டாக்டர் சொல்ற நேரம் தான் முடிவு. "வயித்துல சாப்பாடு இருந்தா தூங்கும்போது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடும், அதான்"னு சொன்னா 8 வயசுக்கு நல்லா புரியும். சும்மா "சாப்பிடாத"ன்னு மட்டும் சொன்னா பாவம் பாத்து பாட்டி ஒரு மேரி பிஸ்கட் குடுப்பாங்க, இவனும் சொல்ல மாட்டான். ரொம்ப ஆபத்து அது. (மாமியார் இத படிக்க மாட்டாங்கன்னு நம்புறேன்.)

அப்புறம் ஐஸ்க்ரீம் பொய். "ஆபரேஷன் முடிஞ்சா ஜாலி, ஐஸ்க்ரீமா சாப்பிடலாம்"னு எல்லாரும் சொல்லி கூட்டிட்டு வருவாங்க. ஐஸ்க்ரீம் உண்டு தான், ஆனா முழுங்கும்போது வலிக்கும், ஒரு வாரம் பத்து நாள் கூட இருக்கும், காதுக்குள்ள கூட வலிக்கும், தொண்டைல வெள்ளையா படிஞ்சிருக்கும், அது சீழ் இல்ல. இதெல்லாம் முன்னாடியே சொல்லி, "வலிக்குதுன்னு நீ சொன்னா மருந்து இருக்கு, வலிச்சாலும் தண்ணி குடிக்கணும், அதான் உன் வேல"ன்னு ஒப்பந்தம் போட்டுக்கோங்க. வீட்டுக்கு வந்தப்புறம் எச்சில்ல செவப்பா ரத்தம் பாத்தா மறைக்காம உடனே சொல்லணும்னும் சொல்லி வைங்க. ஒரு வாரம் கழிச்சு கூட வரலாம், வந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடியாந்துரணும். திட்டுவாங்களோன்னு துப்பாம முழுங்குற பசங்க இருக்காங்க.

அடம் புடிச்சான்னா, "ஆபரேஷன் பண்ணலாமா வேணாமா?"ன்னு கேக்காதீங்க, அவன் வேணாம்னு தான் சொல்லுவான், அப்புறம் நீங்க மீறணும். எது அவன் கையில இருக்கோ அத மட்டும் கேளுங்க. எந்த கையில குத்தலாம், பாக்குறியா திரும்பிக்கிறியா, எந்த பொம்ம எடுத்துட்டு போலாம். அப்புறம் "ஆம்பள புள்ள அழலாமா"ன்னு யாரையும் சொல்ல விடாதீங்க. அழலாம், கைய மட்டும் ஆட்டக்கூடாதுன்னு சொன்னா போதும்.

கே_கே_நகர்_பெருசு

என்னம்மா இது, ஊசிக்கு இவ்ளோ பாடமா. எங்க காலத்துல கம்பவுண்டர் கண்ணாடி ஊசிய தண்ணில கொதிக்க வெச்சு எங்க கண்ணு முன்னாடியே எடுப்பாரு, அப்பா முதுகுல ஒரு அறை விட்டு திருப்பி நிக்க வெப்பாரு, குத்துவாரு, வந்துருவோம். நாங்கல்லாம் நல்லா தான இருக்கோம். ஓவரா செல்லம் குடுத்து கெடுக்காதீங்க.

லேப்_தம்பி

பெருசு தப்பா எடுத்துக்காதீங்க, எங்க லேபுக்கு ரத்தம் குடுக்க வர்ற உங்க வயசு ஆளுங்கள்ல பாதி பேர் ஊசிய பாத்ததும் மூஞ்ச திருப்பிக்குவாங்க, கை சில்லுனு ஆயிடும், சில பேர் அங்கயே சாஞ்சிடுவாங்க. அந்த கம்பவுண்டர் தான் காரணமான்னு எனக்கு தெரியாது 😄

நான் அண்ணாநகர் பக்கம் ஒரு லேப்ல ரத்தம் எடுக்குறேன். நம்ம ஊர்ல எல்லா அம்மாவும் சொல்ற ஒரே டயலாக் "எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்". 8 வயசு பையன் நெஜமாவே எறும்பு கடி வாங்கினவன், கணக்கு போட்டு வெச்சிருப்பான். அதவிட ஜாஸ்தி வலிச்சா நீங்க பொய், நானும் பொய். நான் என்ன சொல்லுவேன்னா, "சுருக்குனு வலிக்கும், நீ பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும், எனக்கு நரம்பு கெடைக்கலன்னா ஒரு தடவ தான் மறுபடி ட்ரை பண்ணுவேன், அதுக்கு முன்ன உன்கிட்ட சொல்லுவேன்". குத்தும்போது ஒரு இருமல் இருமச் சொல்லுவேன், வேல செய்யுது. படுக்க வெச்சு அமுக்குறதவிட அம்மா மடில பக்கவாட்டுல உக்கார வெச்சா பசங்க ரொம்ப அமைதியா இருப்பாங்க.

இன்னொரு பயம் யாரும் வெளிய சொல்றதே இல்ல, ரத்தம் தீந்து போயிடுமோன்னு. டெங்கு சீசன்ல தினம் எடுக்குறோமா, ஒரு பையன் விரல் விட்டு எண்ணிட்டு "இன்னும் எவ்ளோ இருக்கு அண்ணா?"ன்னு கேட்டான். 25 கிலோ பையன் உடம்புல கிட்டத்தட்ட ரெண்டு லிட்டர் ரத்தம் ஓடும், நாங்க அந்த ஊதா மூடி ட்யூபுல எடுக்குறது 2 மில்லி, அர ஸ்பூன் கூட இல்ல, உடம்பு மறுபடி செஞ்சுக்கும். ரெண்டு பெரிய தண்ணி பாட்டில காட்டி இத சொன்னா மூஞ்சில அப்படி ஒரு நிம்மதி வரும். அதே மாதிரி வென்ஃப்ளான் போட்டதும் நெறைய பசங்க கைய அசைக்காம கட்ட மாதிரி வெச்சிருப்பாங்க, ஊசி உள்ளயே இருக்குன்னு நெனச்சு. ஊசிய அப்பவே உருவிடுவாங்க, உள்ள இருக்குறது மெல்லிசான ப்ளாஸ்டிக் குழாய். இத யாருமே அவங்ககிட்ட சொல்றதில்ல.

மரத்துப் போற க்ரீம் ஒண்ணு இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க, குத்துறதுக்கு சுமார் ஒரு மணி நேரம் முன்னாடி தடவி மேல ஒட்டி வெக்கணும். அவசரத்துல வந்து நின்னா ஒண்ணும் பண்ண முடியாது.

பெரம்பூர்_அம்மா

ஐயோ தம்பி, என் பையன் நாலு நாளும் கைய அப்படி தான் வெச்சிருந்தான், நான் கூட ஊசி உள்ள இருக்குன்னு தான் நெனச்சேன்!! 32 வயசு எனக்கு. அக்கா, நீங்க சொன்னத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிட்டேன். இன்னொண்ணு ஞாபகம் வருது, டெங்கு ரிசல்ட் பாசிட்டிவ்னு சிஸ்டர் சொன்னதும் இவன் "அப்ப நல்லது தானே"ன்னான். ஸ்கூல்ல பாசிட்டிவா இருங்கன்னு தானே சொல்லி குடுக்குறாங்க.

சுகர்_குட்டி_அப்பா

என் பொண்ணுக்கு 10 வயசு, டைப் 1 சுகர், மூணு வருஷமா இன்சுலின் போடுறோம். அந்த பாசிட்டிவ் கதை மாதிரி தான், எங்க வீட்ல "சுகர்"ன்ற வார்த்தையே பெரிய தலவலி. அவ ரொம்ப நாள் தான் தின்ன சாக்லேட்டால தான் வந்துச்சுன்னு நெனச்சுட்டு இருந்தா, சொந்தக்காரங்க வேற "ஸ்வீட்ட கொறச்சிருக்கலாம்ல"ன்னு அவ எதிர்லயே. டைப் 1 ஸ்வீட் சாப்பிட்டு வர்றது இல்ல, உடம்போட எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்குற செல்ல அழிச்சிடுது, யார் தப்பும் இல்ல. இத நான் சொன்னப்போ நம்பல, டாக்டர் அவ கண்ண பாத்து சொன்னப்போ தான் நம்பினா. உங்க பையனுக்கும் "ஐஸ் வாட்டர் குடிச்ச, அதான் டான்சில்"னு யாராவது சொல்லியிருப்பாங்க, அத மொதல்ல ஒடச்சிடுங்க. இந்த வயசுல நோய் வந்தா தண்டனைன்னு நெனச்சுக்குறாங்க.

டாக்டர் என்கிட்டயே பேசுறாரேன்னா, நான் ஒரு வேல பண்ணேன். ரெண்டாவது விசிட்லயே நாற்காலிய மாத்திட்டேன், டாக்டர் பக்கத்துல அவ, பின்னாடி நான். "சார், ஊசி போட்டுக்க போறது அவ, அவகிட்டயே சொல்லுங்க, தமிழ்லயே சொல்லுங்க"ன்னேன். கொஞ்சம் கூச்சமா தான் இருந்துச்சு, ஆனா டாக்டர் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி ரஃப் நோட்டு கடைசி பக்கத்துல மூணு கேள்வி எழுதிடுவா, மூணு தான், அதுக்கு மேல ஓபில டைம் இருக்காது. போன தடவ எழுதினது: பிறந்தநாள் கேக் எவ்ளோ சாப்பிடலாம், ஊசி போட்ட எடம் ஏன் கட்டியா இருக்கு, நான் பெருசானா பாப்பா பொறக்குமா. மூணாவத பாத்துட்டு எனக்கு தூக்கிவாரி போட்டுச்சு, எங்கயோ யாரோ பேசினது காதுல விழுந்திருக்கு. டாக்டர் சிரிக்காம பதில் சொன்னாரு, நல்லா பாத்துக்கிட்டா பொறக்கும்னு.

வெளிய வந்ததும் "புரிஞ்சுதா"ன்னு கேக்க மாட்டேன், கேட்டா ம்ம்னு தான் வரும். "ஸ்கூல்ல உன் ஃப்ரெண்டு கேட்டா எப்படி சொல்லுவ, எனக்கு சொல்லு"ன்னு கேப்பேன். அப்படி கேட்டதால தான், சுகர் 70க்கு கீழ போனா க்ளுக்கோஸ் எடுத்துக்கணும்ன்றத அவ தலைகீழா புரிஞ்சு வெச்சிருந்தது தெரிஞ்சுது, கம்மியானா நல்லது தானேன்னு நெனச்சிருக்கா! பிடி பீரியட்ல என்ன ஆயிருக்கும் சொல்லுங்க.

வடசென்னை_டீச்சர்

வியாசர்பாடி பக்கம் கார்ப்பரேஷன் ஸ்கூல்ல வேல பாக்குறேன். பத்து வயசுல போடுற டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசிக்கு ஸ்கூலுக்கே ஆளுங்க வருவாங்க. முன்னெல்லாம் வராண்டால லைன் கட்டி நிக்க வெப்போம், முதல் பையன் கத்துனா கடைசி பையன் வரைக்கும் அது கரன்ட் மாதிரி பரவும், ரெண்டு பேர் ஊசி போடாமயே மயக்கம் போட்டு விழுந்தாங்க. இப்போ ரூமுக்குள்ள திரை கட்டி, ஒவ்வொருத்தரா உக்கார வெச்சு, போட்டவங்கள வேற கதவு வழியா அனுப்பிடுறோம். முந்தின நாள் க்ளாஸ்ல அஞ்சு நிமிஷம், எந்த கை, எவ்ளோ நேரம், கை ஒரு நாள் கனமா இருக்கும்னு சொல்லிடுவேன். அவ்ளோ தான், பாதி கூச்சல் போச்சு.

இன்னொண்ணு, யாரும் பேசாத விஷயம். என் க்ளாஸ்ல பீகார்லேர்ந்து கட்டட வேலைக்கு வந்தவங்க புள்ளைங்க இருக்கு, ரெண்டு வருஷத்துல தமிழ் சரளமா பேசுதுங்க, அம்மாக்கு ஒரு வார்த்த தெரியாது. ஒரு பொண்ண மஞ்சக்காமாலைக்கு நான் கூட்டிட்டு போனேன், டாக்டர் சொல்றத அந்த புள்ளையே அம்மாக்கு ஹிந்தில மாத்தி சொல்லுது, தன் நோய தானே. நடுவுல நிறுத்திடுச்சு. எனக்கு ஹிந்தி அரகொறை தான், ஆனாலும் டாக்டர் சொன்னதுல ஏதோ ஒண்ண அது அம்மாகிட்ட சொல்லலன்னு தெரிஞ்சுது. வெளிய வந்து கேட்டா, "அம்மா அழும் டீச்சர்". ஒம்போது வயசு. அதுக்கப்புறம் பெரியவங்க யாராவது மொழி தெரிஞ்சவங்க இல்லாம அனுப்புறது இல்ல.

நைட்_டூட்டி_டாக்டர்

குழந்தைங்க பிரிவுல பிஜி முடிச்சவன், எங்க தரப்பு நியாயத்தையும் கொஞ்சம் சொல்லிக்கிறேன், காலைல ஓபில நூறு பேர் நிக்கும்போது பெத்தவங்ககிட்ட பேசினா வேகமா முடியும்னு பழகிடுச்சு, தப்பு தான். ஆனா 8 வயசு பையன்கிட்ட நேரா கேட்டா பல சமயம் அம்மாவவிட தெளிவா சொல்லுவான், எங்க வலிக்குது, எப்போ ஆரம்பிச்சுதுன்னு. குழந்தைய பாதிக்கிற விஷயத்துல அது சொல்றத கேக்கணும்னு 1989ல ஐநா குழந்தைகள் உரிமை உடன்படிக்கைலயே இருக்கு, 12வது பிரிவு, இந்தியாவும் 1992ல அத ஏத்துக்கிச்சு. கையெழுத்து நீங்க தான் போடணும், ஆனா பேச்சு அவன்கிட்டயும் நடக்கணும்.

அம்மாவுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ஊசிக்கு பயந்த பையன்கிட்ட ஆபரேஷன் முடிஞ்சு "வலிக்குதா?"ன்னு கேட்டா "இல்ல"ன்னு தான் சொல்லுவான், ஆமான்னா இன்னொரு ஊசி வரும்னு அவனுக்கு தெரியும். வார்டுல சிரிக்கிற மூஞ்சிலேர்ந்து அழற மூஞ்சி வரைக்கும் ஆறு முகம் வரைஞ்ச அட்டை இருக்கும், 0லேர்ந்து 10 வரைக்கும் நம்பர் போட்டு. அத இப்பவே வீட்ல ஒரு பேப்பர்ல வரைஞ்சு, அடிபட்டா, பல் வலிச்சா, எந்த முகம்னு காட்ட பழக்கிடுங்க. வலி மருந்து வென்ஃப்ளான் வழியாவோ சிரப்பாவோ தான் பெரும்பாலும் குடுப்போம், புதுசா குத்துறது இல்லன்னும் சொல்லி வைங்க. எச்சில் முழுங்காம வழிய விடுறான், பேச மாட்டேங்குறான், சுவர் பக்கம் திரும்பி படுக்குறான்னா வாய் இல்லன்னு சொன்னாலும் நம்பாதீங்க.

பெரம்பூர்_அம்மா

அப்டேட். நேத்து ராத்திரி சொல்லிட்டேன். முதல்ல நவம்பர்ல சொன்ன பொய்க்கு சாரி கேட்டேன், அவன் ரிமோட்ட நோண்டிட்டே "இளநி கூட வாங்கி தரல"ன்னான், அதுவும் ஞாபகம் வெச்சிருக்கான் பாருங்க. அப்புறம் கண்ணாடி முன்னாடி செல்போன் டார்ச் அடிச்சு பாத்தோம், என் தொண்டையயும் காட்ட சொன்னான், "உனக்கு சின்னதா இருக்கு"ன்னு சந்தோஷம். கொஞ்சம் அழுதான், முடியாதுன்னான், அஞ்சு நிமிஷம் பாத்ரூம்ல போய் கதவ சாத்திக்கிட்டான். வந்து சுகர் குட்டி அப்பா சொன்ன மாதிரி நோட்டு எடுத்து எழுதினான். ஒண்ணு, தையல் போடுவாங்களா. ரெண்டு, நான் தூங்கும்போது நீ எங்க நிப்ப, கதவுக்கு வெளிய எந்த எடம். மூணு, எடுத்த டான்சில பாட்டில்ல போட்டு குடுப்பாங்களா, ஸ்கூலுக்கு எடுத்துட்டு போணுமாம். முதல் ரெண்டுக்கு டாக்டர்கிட்ட சனிக்கிழம அவனே கேக்கட்டும்னு விட்டுட்டேன். வார்டு அக்கா, மூணாவதுக்கு நீங்க தான் சொல்லணும், குடுப்பாங்களா?

வார்டு_அக்கா

ஹா ஹா, வீட்டுக்கு குடுத்தனுப்ப மாட்டாங்க மா. ஆனா சர்ஜன்கிட்ட முன்னாடியே கேட்டு வெச்சா காட்ட சொல்லலாம், எங்க வார்டுல ஒருத்தர் போட்டோ எடுத்து காட்டுவாரு. அதையும் சனிக்கிழம அவனையே கேக்க சொல்லுங்க. கதவுக்கு வெளிய எந்த எடம்ன்றத மட்டும் நீங்க முன்னாடியே போய் பாத்துட்டு வந்துடுங்க, சொன்ன எடத்துல நீங்க இருக்கணும், டீ குடிக்க போயிடாதீங்க.